பத்து டிஎம்சி காலடியில் ஓடுகிறது

சென்னைக்குத் தண்ணீர் போதாமல் போன ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்கள் முன்பைவிடத் தொலைவில் போய்த்தான் நீர் தேடியிருக்கிறார்கள். 1772-இல் கோட்டையின் தாகத்துக்காக ஊரின் வடபுறத்தில் ஏழு கிணறு வந்தது. நூறாண்டு கழித்து, 1872-இல், பொறியாளர் ஃபிரேசரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்துச் செங்குன்றம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம். பிறகு மாநில எல்லையையும் தாண்டினோம்: 1983-இல் ஒப்பந்தமான கிருஷ்ணா நீர் 1996-இல் வந்து சேர்ந்தது. வீராணம் ஏரி நீருக்காக ராட்சதக் குழாய்களைச் செய்து சாலையோரம் போட்டுவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டோம். அந்தக் குழாய்களுக்குள் ஏழைகள் குடித்தனம் நடத்தினார்கள். வீராணம் நீர் வந்தது 2004-இல், சுமார் 235 கிலோமீட்டர் கடந்து. அதன்பின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்: 2010-இல் மீஞ்சூர், 2013-இல் நெம்மேலி, 2024-இல் நெம்மேலியிலேயே நாளுக்கு 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலை, அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர். இவை எல்லாமே தேவைப்பட்டன. ஆனால் இத்தனை ஓட்டத்தில் வீட்டுக்குள் வந்த நீர் வெளியே போகும் வழியை இரண்டாந்தரமாகவே நடத்தினோம். இனி சென்னைக் குடிநீர் வாரியத்தின் முதல் பணம் பாதாளச் சாக்கடைக்கும் அதன் நீரை மீட்பதற்கும் போக வேண்டும் என்பது என் வாதம். நகரின் அடுத்த நீராதாரம் அங்கேதான் இருக்கிறது.

சாக்கடையின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பாராமுகம் புரியும். குடிநீருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் 1914-இல் இயங்கத் தொடங்கின. ஆனால் நகரின் கழிவுநீர்க் கட்டமைப்பு 1910 வாக்கில் வடிவமைக்கப்பட்டபோது, 1961-இல் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் இருந்ததோ 17 லட்சத்துக்கும் மேல். குழாய்கள் நிரம்பி வழிந்தன. மிச்சம் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போனது. 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் துறைகள் கட்டிப் படகுகூட விட்டார்கள். கரையை அழகாக்கிவிட்டு ஆற்றில் விழும் குழாயை அப்படியே விட்டால் எத்தனை நாளைக்குப் படகு ஓடும்? 1978-இல் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை மாநகராட்சியிடமிருந்து பிரித்துத் தனி வாரியம் அமைத்தது நல்ல முடிவு. அதற்குப் பிறகும் புதிய ஏரி, புதிய கால்வாய், புதிய ஆலை என்றால் அடிக்கல் நாட்ட அமைச்சர்கள் வருகிறார்கள். தெருவுக்கு அடியில் பதிக்கிற குழாய்க்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது. அது இல்லாத தெருக்களில் காலையில் தண்ணி லாரி வரும். செப்டிக் டேங்க் நிரம்பினால் கழிவுநீர் லாரி வரும். இரண்டுக்கும் காசு கொடுப்பவர் ஒருவரே.

இப்போது கணக்குக்கு வருவோம். வாரியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி லிட்டர் வழங்குகிறது. வீட்டுக்குள் போகும் நீரில் எண்பது விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் குழாய் வடிவமைக்கக் கையாளும் பொதுவிதி. அப்படியானால் நாளுக்கு 80 கோடி லிட்டர். ஆண்டுக்குப் பத்து டிஎம்சிக்கு மேல் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளும் நிரம்பி நின்றால் 11.75 டிஎம்சி. ஆந்திரம் தர ஒப்புக்கொண்டது 12 டிஎம்சி. பல ஆண்டுகளில் அதில் பாதிகூட வரவில்லை. ஏரியும் கிருஷ்ணாவும் வீராணமும் மழையை நம்பியவை. கழிவுநீர் அப்படியில்லை. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தோமே, அந்தக் கோடையிலும் ஊருக்கு 50 கோடி லிட்டருக்கு மேல் வழங்கப்பட்டது. அதன் பெரும்பங்கு சாக்கடைக்குத்தான் போனது.

இந்த நீரை மீட்கலாம் என்றதும் வரும் முதல் எதிர்ப்பு அருவருப்பு. ‘சாக்கடைத் தண்ணியைக் குடிக்கச் சொல்கிறீர்களா?’ என்ற கேள்வியைக் கிண்டல் செய்து ஒதுக்கக் கூடாது. ஆனால் இன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். நம் குறுகிய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் சில அடி தள்ளித்தான் கிடக்கின்றன. நீர் சில மணி நேரம்தான் விடப்படுகிறது. மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லாததால், விரிசல் வழியே சுற்றியுள்ள கசிவு உள்ளே இறங்குகிறது. வடசென்னையின் பழைய தெருக்களில் முதல் இரண்டு குடத்தை நாற்றத்துக்காகக் கீழே கொட்டிவிட்டுப் பிறகு பிடிக்கிற வழக்கம் இதனால்தான். சுத்திகரிக்காத சாக்கடையை நாம் ஏற்கெனவே கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கிறோம். மீட்ட நீரை நேராக வீட்டுக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் 1990-களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கித் தூய்மையாக்கிப் பயன்படுத்தின. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மீட்டு நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் தொடங்கின. அந்த நீர் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. ஆலைகள் கைவிடும் ஏரி நீர் வீடுகளுக்கு மிச்சம். பழகிய பிறகு ஏரியில் கலப்பதைப் பற்றிப் பேசலாம். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் மீட்ட நீரைக் குடிக்கிறது. தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில் 2003 முதல் நியூவாட்டர் நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு செலவு பற்றியது. கடல்நீர் ஆலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடல்நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும்; கழிவுநீரில் அதில் சிறு பங்குதான். உப்பை வடிகட்டும் சவ்வின் வழியே நீரைத் தள்ளுவதற்கான மின்சாரமும் அதற்கேற்பக் குறையும். மழைநீர் கடலுக்கு வீணாகிறதே, அதைத் தேக்கினால் போதாதா என்பாரும் உண்டு. கட்டாயம் தேக்க வேண்டும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது. ஆனால் 2015-இல் மூழ்கிய நகரம்தான் 2019-இல் ரயிலுக்குக் காத்திருந்தது. மேலும், மழை வந்தால் வாசலில் நிற்கும் நீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். மழைநீர் வடிகாலில் சாக்கடை இணைப்பைச் சத்தமில்லாமல் சொருகுகிறோம். இந்தக் குழப்பம் தீராமல் எந்த மழைநீரும் சுத்தமாக ஏரி சேராது. இதில் வாரியத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

இன்னொன்றைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். அடைத்த சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதன் பிறகும் தமிழ்நாட்டில் விஷவாயுவுக்கு உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. குழாய் பழையதாகவும் அளவில் சிறியதாகவும் இருக்கும்வரை அடைப்பு எடுக்க யாரையாவது தேடத்தான் செய்வார்கள்.

செம்பரம்பாக்கத்தில் இன்று எத்தனை அடி என்பதை நாளிதழில் படிக்கிறோம். நேற்று எத்தனை கோடி லிட்டர் கழிவுநீர் நிலையங்களுக்கு வந்தது, எவ்வளவு மீட்கப்பட்டது, எவ்வளவு ஆற்றில் விழுந்தது என்ற கணக்கையும் வாரியம் அதே போல நாள்தோறும் கொடுக்கட்டும். நாளிதழ்கள் ஏரி நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே போடட்டும். வார்டு உறுப்பினரிடம் தண்ணி லாரி கேட்கப் போகும்போது, நம் தெருவின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.