விலாசம் சொல்லாத ஊர்

பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைக்கோ கணவருக்கோ கடிதம் எழுதிய சகோதரிகளுக்கு இது தெரியும். பெயர், எண், படைப் பிரிவு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான் விலாசம்! லடாக்கா, அஸ்ஸாமா, ராஜஸ்தான் பாலைவனமா? நம் தெருத் தபால்காரருக்குக் கூடத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

இத்தனை பத்திரமாகக் காத்த ரகசியத்தைச் சட்டைப் பையில் கிடக்கும் செல்போன் சொல்லிவிடுகிறதே, அதை என்னவென்பது!

'ஸ்ட்ராவா' என்று ஒரு செயலி. ஓடுகிறவர்களும் சைக்கிள் விடுகிறவர்களும் எத்தனை தூரம் போனோம் என்று கணக்குப் பார்த்துக் கொள்வதற்கானது. 2017 நவம்பரில் அந்தக் கம்பெனி, தன் அங்கத்தினர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒளிக் கோடுகளாக்கி உலகப் படம் ஒன்று வெளியிட்டது. பெரிய நகரங்கள் தீபாவளி போல ஜொலித்தன. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானத்திலும் சிரியாவிலும் இருண்டு கிடந்த வனாந்தரத்தின் நடுவே சின்னச் சின்ன வெளிச்சங்கள்! 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் அம்பலமாயிற்று. அவை ராணுவ முகாம்கள். ஓடியவர்கள் அங்கிருந்த சிப்பாய்கள். யாரும் துரோகம் செய்யவில்லை. தேகப் பயிற்சி செய்தார்கள், அவ்வளவுதான்!

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத் தலைமை, களப் பணியிலுள்ள இடங்களில் இருப்பிடம் காட்டும் வசதியை உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. நமது ராணுவமும் 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளை நீக்கிவிடச் சொல்லிற்று.

உத்தரவு மட்டும் போதுமா? 89 போனால் தொண்ணூறாவது ஒன்று வராதா? எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வெளியே போகிறது என்று ஜவானுக்கே புரிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கக் கற்பிப்பதுபோல் இதையும் கற்பிக்க வேண்டியதுதான்.

வீட்டிலுள்ள நமக்கும் இதில் பங்கு உண்டு. உத்தரவு ஜவானைக் கட்டுப்படுத்தும். தாயையும் மனைவியையும் கட்டுப்படுத்துமா? "என் மகன் இன்று ரயில் ஏறுகிறான்" என்று படம் போட்டு ஊருக்கெல்லாம் அறிவிப்பது பெருமைதான். ஆனாலும் வேண்டாமே! சில போன்களில் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகிவிடும். முகம் தெரியாத யாராவது, "நானும் ராணுவக் குடும்பந்தான்" என்று சிநேகம் பிடித்து, "அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று நைசாக விசாரிக்கலாம்.

பதிலுக்கா பஞ்சம்? "56 ஏ.பி.ஓ." என்று சொல்லி விடுங்கள்!