அரிவாளை எடுக்காதீங்க மாமா!



ஊட்டியில் இருக்கும் அக்கா போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வாசலில் மூன்று வருஷமாக வளர்க்கும் ஜகரண்டா. இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு, நுனிக்கிளைகள் கறுத்துக் கிடந்தன. "உறைபனியில கருகிடுச்சு. மாமா அரிவாளோட நிக்கிறார். வெட்டிடட்டுமா?"

உடனே போன் போட்டேன்.

மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரியில் குளிர் பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளைவெளேர் என்று கிடப்பது அதனால்தான். இளம் ஜகரண்டாவுக்கு அந்தக் குளிர் தாங்காது.

"கிளையை நகத்தால சுரண்டிப் பாரேன்" என்றேன். போனில் இருந்தபடியே சுரண்டினார். நுனியில் காப்பித்தூள் நிறம். ஒரு முழம் கீழே வந்ததும், "ஐயோ, பச்சையா இருக்கு!"

பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பிறகென்ன அவசரம்? கருகிய கிளைதான் உள்ளே இருக்கும் மொட்டுக்குப் போர்வை. இப்போதே கவாத்து செய்தால் துளிர் விடும். அடுத்த உறைபனி அந்தத் துளிரைத் தின்றுவிடும். மலையில் பிப்ரவரி முடியும்வரை பனியை நம்ப முடியாது. மார்ச்சில், எது துளிர்க்கிறது என்று பார்த்துவிட்டு, பச்சைக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். தூரிலிருந்து மட்டும்தான் துளிர்க்கிறதா? வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிடி யூரியா போடச் சொன்னாராம். காய்ச்சல் விட்ட அன்றைக்கே பிரியாணி வைப்போமா? துளிர் நன்றாக வரட்டும், அப்புறம் உரம். அதுவரை மண் காயாத அளவுக்குப் பகலில் தண்ணீர், வேரைச் சுற்றிச் சருகு மூடாக்கு. சருகு தண்டைத் தொடக் கூடாது, அழுகிவிடும்.

1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடித்தான் காப்பாற்றுகிறார்கள். வீட்டுக்குப் பழைய பெட்ஷீட் போதும். சாயங்காலம் தரைவரை தொங்கும்படி போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே கருகும்.

மாமா அரிவாளை விறகுக் கட்டில் செருகிவிட்டாராம். இப்போது எந்தப் பெட்ஷீட் பழசு என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

அன்புடன்,
ஆசிரியர்