அன்னம் போனால் போகட்டும்; அறிவிப்பு எங்கே?

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 கல் நீள நீர்வழிகளை 2012 முதல் காத்துவருவது கால்வாய், ஆற்று அறக்கட்டளை. பாலத்தடியில் அன்னம் நின்ற தன் பழைய பொறியை 2018இல் நீக்கி, நீல வட்டமொன்றை அது வைத்தது. நீரில் பாதி மூழ்கிய வண்டி உருளிப்பட்டை என்று படகர் எள்ளினர். எள்ளட்டும், கால்வாயில் அவர்கள் காணாத உருளிப்பட்டையா!

அதன் வலைத்தளம் புத்துருப் பெற்றபோது எழுந்த முணுமுணுப்போ வேறு வகையது. அதனையும் பழமைப் பற்றென்று தள்ளுவார் உளர். யாம் அவ்வாறு கருதோம். நிலையான துறையின்றிப் படகிலேயே குடியிருப்போர், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்குமேல் தங்கலாகாது. பெயர்ந்தே தீரல் வேண்டும். பெரும் பழுதுபார்ப்புகளோ மிகுதியும் குளிர்காலத்தில் நடைபெறுவன. படகை ஏற்றியிறக்கும் மதகொன்று அடைபட்டால் வழியே அடைபடும். எம்மதகு, எந்நாள்வரை மூடியிருக்கும் என்றறியவே அவன் வலைத்தளத்தைத் திறக்கிறான். கரையில் உலாவுவோரின் சிரித்த முகங்களே அங்கு முன்வந்து நின்றால் என் செய்வான்?

உலாவுவோர் தொகை மிகுதி என்பது மெய். அவர்களை அழைத்தலும் வேண்டுவதே. ஆயினும், ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தி அந்நீரிலேயே உண்டு உறங்குபவன், தன் வழியைப் பக்கம் பக்கமாய்த் தேடவேண்டுமோ? மதகடைப்பு அறிவிப்பை முதற்பக்கத்தின் தலையில் இடுக. படங்கள் அதன்கீழ் இருக்கட்டும்.