பாதையின் மீது பழி போடாதீர்கள்

நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கும் துவிச்சக்கரவண்டியின் அலுமினிய ரிம் உடைந்தால், “பாதை சரியில்லை” என்று சொல்லிப் புது ரிம் கோத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். உடைந்த ரிம்மே சாட்சி சொல்லும். விளிம்பு நசுங்கி நெளிந்திருந்தால் குழியைக் குறை கூறலாம். கம்பித் துளைகளைச் சுற்றி வெடித்திருந்தால், கம்பிகளை அளவுமீறியோ ஏற்றத்தாழ்வாகவோ முறுக்கிய கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பக்கச்சுவர் குழிந்து பிளந்திருந்தால், பிரேக் கட்டையும் மழைச்சேற்று மணலும் அதை அரைத்துத் தின்றுவிட்டன. காரணம் அறியாமல் கோத்த புது ரிம்மும் அவ்வாறே போகும். இறக்கத்தில் முன்சக்கரம் பிளந்தால் போவது உயிர். பக்கச்சுவரில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த ரிம்மோடு மலை இறங்காதீர்கள்.