தேதி சொல்லாத கச்சேரி: செலவு யார் தலையில்?

பெருங்கடவிளை:
கோயில் உற்சவ நோட்டீஸ் சுவரில் ஏறிவிட்டால் இந்த வட்டாரத்தில் கானமேளா என்றைக்கு என்று யாரும் ஆரூடம் சொல்ல வேண்டியதில்லை. மாதமும் நட்சத்திரமும் பார்த்துக் குறித்த நாள் அது. பாடுகிற குழு எது, மேடை ஏறுவது எத்தனை மணிக்கு என்பது வரை நோட்டீசிலேயே இருக்கும். குவாரியில் கல் உடைப்பவரும், நெய்யாற்றின்கரையில் கடைக் கணக்கு எழுதுபவரும் அதைப் பார்த்துத்தான் லீவு சொல்கிறார்கள்.

அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கும் கச்சேரிகளுக்கு இப்படி நோட்டீஸ் கிடையாது. மேனாட்டு ராக் இசைக்குழு வருமா, கொரியப் பாட்டுக்குழு வருமா, வந்தால் மும்பைக்கா பெங்களூருக்கா, எந்த மாதம் என்று செல்போனில் இரவெல்லாம் பேச்சு நடக்கிறது. அறிவிக்காத தேதிக்கு ஆயிரம் பேர் ஆயிரம் கணக்குச் சொல்கிறார்கள்.

வெறும் பேச்சோடு நின்றால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது நிற்பதில்லை. முதலில் லீவு, பிறகு ரயில் டிக்கெட், பிறகு கைமாற்றுக் கடன் என்று வளர்கிறது. சில வேளைகளில் வீட்டை விட்டுப் புறப்படும் அளவுக்கும் போய்விடுகிறது.

காட்பாடியில் மூன்று சிறுமிகள்

2024 ஜனவரியில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று சிறுமிகள், மூவரும் 8-ம் வகுப்பு மாணவிகள், தென் கொரியாவின் பி.டி.எஸ். பாட்டுக்குழுவைப் பார்ப்பதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். சேர்த்து வைத்திருந்த பணம் 14 ஆயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலில் கொரியா சேர்வது என்பது அவர்கள் போட்ட திட்டம்.

ஈரோடு வந்தார்கள். அங்கிருந்து ரயிலில் சென்னை சேர்ந்தார்கள். சென்னையில் ஓர் இரவு தங்கியதுமே தைரியம் போய்விட்டது. ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கினார்கள், ரயில் போய்விட்டது. நடு இரவில் பிளாட்பாரத்தில் நின்ற மூவரும் போலீசார் கண்ணில் பட்டதால் பத்திரமாகக் காப்பகம் சேர்ந்தார்கள். பெற்றோர் வந்து அழைத்துச் சென்றார்கள்.

அன்றைக்கு அந்தக் குழுவினர் ஏழு பேரும் தங்கள் நாட்டுச் சட்டப்படி கட்டாய ராணுவ சேவைக்குப் போயிருந்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் போனது 2023 டிசம்பரில். ஏழு பேரும் சேவை முடித்தது 2025 ஜூனில். ஆகவே அந்தச் சிறுமிகள் எப்படியோ கொரியா போய்ச் சேர்ந்திருந்தாலும் ஏழு பேரையும் ஒரே மேடையில் பார்த்திருக்க முடியாது. அவர்கள் தேடிப் போன கச்சேரிக்குத் தேதியே இல்லை.

அப்பா வேலைக்கும் அம்மா வேலைக்கும் போய்விட, பிள்ளையும் செல்போனும் மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் கரூரில் மட்டுமா இருக்கின்றன? மாராயமுட்டம், தனுவச்சபுரம், பாறசாலை என்று இந்தப் பக்கமும் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான்.

மும்பையில் நடந்தது என்ன?

பெரியவர்கள் விஷயத்திலும் கதை வேறல்ல. பிரிட்டனின் கோல்ட்பிளே ராக் இசைக்குழு 2016 நவம்பரில் மும்பையில் ஒரு முறை பாடிவிட்டுப் போனது. மறுபடி எப்போது என்று எட்டு ஆண்டுகளாக ஆரூடம் நடந்தது. 2024 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது: நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம், 2025 ஜனவரி 18, 19.

டிக்கெட் விற்பனை செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்கு. விலை 2,500 ரூபாயிலிருந்து 35 ஆயிரம் ரூபாய் வரை. 1 கோடியே 30 லட்சம் பேர் இன்டர்நெட் கியூவில் நின்றதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. மைதானத்தில் இடமோ சில பத்தாயிரம் பேருக்குத்தான். அன்றைக்கே ஜனவரி 21 என்று மூன்றாவது நாளும் சேர்க்கப்பட்டது. அதுவும் தீர்ந்தது. கள்ள மார்க்கெட்டில் ஒரு டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் விலை கேட்டதாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் அமலாக்கத் துறையினர் 13 இடங்களில் சோதனை போட்டு செல்போன்கள், லேப்டாப்கள், சிம் கார்டுகளைக் கைப்பற்றினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நவம்பரில் இன்னோர் அறிவிப்பு: அகமதாபாத், ஜனவரி 25. பிறகு 26-ம் தேதியும் சேர்ந்தது. அங்கே இருப்பது 1 லட்சத்துக்கு மேல் கொள்ளும் நரேந்திர மோடி மைதானம். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே மேற்கு ரயில்வே ஸ்பெஷல் ரயில்கள் விட்டது. 26-ம் தேதிக் கச்சேரியை வீட்டிலிருந்தபடியே பார்க்க நேரடி ஒளிபரப்பும் நடந்தது.

செப்டம்பரில் பதறிப்போய்க் கள்ள மார்க்கெட்டில் பணத்தைக் கொட்டியவர், நவம்பர் வரை பொறுத்திருந்தால் முறையான விலையில் முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் இன்னொரு தேதி வரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஏன் மறைக்கிறார்கள்?

தேதியை மறைப்பது எல்லாமே சூழ்ச்சி அல்ல. வெளிநாட்டுக் குழு வருவதென்றால் மைதானம் கிடைக்க வேண்டும். கிரிக்கெட் ஆட்டம் இருந்தால் மைதானம் கிடையாது. குழுவினருக்கு விசா, போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறை அனுமதி எல்லாம் வேண்டும். மேடைச் சாமான்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விமானத்திலும் கப்பலிலும் வந்து சேர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தேதி மாறும். எல்லாம் கைகூடும் முன் வாய் திறக்காமல் இருப்பதில் நியாயம் உண்டு.

வியாபாரக் காரணமும் உண்டு. ஐந்து நாள் கச்சேரி என்று முதலிலேயே சொன்னால் ஜனங்கள் நிதானமாக வாங்குவார்கள். இரண்டே நாள் என்றால் முட்டி மோதுவார்கள். முதல் ஊரில் டிக்கெட் தீரும் வரை பக்கத்து ஊர்த் தேதியை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் இத்தொழிலில் வழக்கம்தான். பண்டிகைக் காலத்தில் சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு பற்றாக்குறை காட்டும் மளிகைக் கடைக்காரரின் கணக்கு இது. அவர் மறைப்பது மூட்டையை; இவர்கள் மறைப்பது தேதியை.

ரசிகர்களின் ஆரூடமும் இவர்களுக்கு லாபமே. வருமா, வராதா என்று பத்து மாதம் பேசுவது, பைசா செலவில்லாத பத்து மாத விளம்பரம்.

ஆரூடம் எப்படிப் பிறக்கிறது?

ரசிகர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் போடும் கணக்கு டைம்டேபிள் பார்ப்பது போன்றது. கோல்ட்பிளே குழு 2025 ஜனவரி 14 வரை அபுதாபியில் பாடியது. 18-ல் மும்பை, 25-ல் அகமதாபாத். சாமான் ஏற்றி இறக்க இடையில் மூன்று, நான்கு நாள். வரைபடத்தில் கோடு போட்டால் வழி சரியாக வருகிறது. ஆகவே எந்தக் குழுவின் பட்டியலிலாவது இரண்டு ஊர்களுக்கு நடுவில் காலி நாள்கள் தெரிந்தால், அது இந்தியாவுக்குத்தான் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது.

பி.டி.எஸ். விஷயமும் அப்படியே. அக்குழுவின் தாய் நிறுவனம் 2025-ல் மும்பையில் கிளை திறந்தது. உடனே, குழுவும் வரப்போகிறது என்றார்கள். 2026 ஜனவரியில் வெளியான உலகச் சுற்றுப்பயணப் பட்டியலில் இந்திய ஊர் எதுவும் இல்லை. அப்போதும் ஆரூடம் ஓயவில்லை. பட்டியலில் பிறகு ஊர்கள் சேரும் என்ற நம்பிக்கை அதை வளர்த்தது. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் கணக்கு வேறு, அறிவிப்பு வேறு. டைம்டேபிளில் இடம் இருக்கிறது என்பதால் ரயில் ஓடிவிடாது.

அறிவித்த தேதியே ஆடுகிறது

அறிவிக்காத தேதி கிடக்கட்டும். அறிவித்த தேதியாவது உறுதியா? ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி சென்னையில் 2023 ஆகஸ்ட் 12 என்று அறிவிக்கப்பட்டது. மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் கூட்டம் கட்டுமீறியது. முறையாக டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று திரும்பினார்கள். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்தவர் கதியே இது.

கேரளத்தில் இருப்பவர்களுக்குக் கால்பந்து உதாரணமே போதும். மெஸ்ஸியுடன் அர்ஜென்டினா அணி கேரளம் வரும் என்று மாநில விளையாட்டு அமைச்சர் வி. அப்துரகிமான் 2024 நவம்பரில் அறிவித்தார். 2025 அக்டோபர் என்றார்கள். பிறகு நவம்பர், கொச்சி என்றார்கள். அக்டோபர் கடைசியில் நவம்பரும் இல்லை என்று ஆனது. டிசம்பரில் மெஸ்ஸி மட்டும் இந்தியா வந்தார். கொல்கத்தா, ஐதராபாத், மும்பை, டெல்லி சுற்றிவிட்டுப் போனார். அழைப்பவர் சொல்லும் தேதி பாதித் தேதிதான். வருகிறவரும் சொன்னால்தான் அது முழுத் தேதி.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, கிளிமானூரில், 2025 மே 8-ல் பாடகர் வேடனின் நிகழ்ச்சி நடப்பதாக இருந்தது. வேடனின் தாய் யாழ்ப்பாணத் தமிழர் என்பதால் தமிழ் இளைஞர்களுக்கும் அவர் மேல் தனி ஈடுபாடு. மேடையில் திரை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். நிகழ்ச்சி ரத்தாயிற்று. காத்திருந்த கூட்டத்தில் ஒரு பகுதி ஆத்திரப்பட்டுச் சாமான்களை உடைத்தது. மேடை அமைப்பதும் ஒரு கூலிக்காரர் உயிரைப் பணயம் வைக்கும் வேலை என்பது அன்று கூட்டத்தின் கண்ணில் படவில்லை.

ரயில் கணக்கு

தூரத்துக் கச்சேரிக்குப் போகிறவருக்கு ரயில் ஒரு தனிச் சங்கடம். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நேத்ராவதி எக்ஸ்பிரசில் ஏறினால் மும்பையில் மறுநாள்தான் இறங்கலாம். போக, வர, தங்க என்று நான்கு, ஐந்து நாள் கூலி போகும். வதந்தியை நம்பி முன்பதிவு செய்தால், ரத்து செய்யும்போது ஒரு தொகை பிடித்தம். அறிவிப்பு வரட்டும் என்று இருந்தால், எல்லோரும் ஒரே நாளில் பாய்வதால் வெயிட்டிங் லிஸ்ட்.

மாதச் சம்பளக்காரர் இதைத் தாங்குவார். தினக்கூலிக்காரருக்கு ஐந்து நாள் என்பது வீட்டு வாடகை. இந்தக் கணக்கில் எப்போதும் நஷ்டப்படுவது தூரத்தில் இருப்பவர். அதிலும் கையில் காசு குறைந்தவர். மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கடைசி நாளிலும் முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியது என்ன?

ஆசைப்படுவதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் பாட்டுக் கேட்கிறவருக்குக் காத்திருப்பதும் ஒரு சந்தோஷம். ஆரூடமும் பேசட்டும். பணத்தை மட்டும் ஆரூடத்தின் மேல் வைக்கக் கூடாது.

மூன்று விஷயம் தெரிந்த பிறகு மடியை அவிழ்த்தால் போதும். பாடுகிறவரோ குழுவோ தங்கள் பெயரில் தேதி சொன்னார்களா? எந்த மைதானம், டிக்கெட் விற்பது யார் என்பது வெளிவந்ததா? போலீஸ் அனுமதி கிடைத்ததா? இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வதந்திதான். மூன்றாம் ஆள் கைமாற்றி விற்கும் டிக்கெட் எந்த விலைக்கும் ஆபத்து.

கச்சேரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வருவதாக இருந்தால் எல்லாத் தேதியையும் ஒரே தடவையில் சொல்லலாம். வரவில்லை என்றால், 'இந்த ஆண்டு இந்தியா இல்லை' என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரிக்குச் செலவு கிடையாது. அது இல்லாததால் ஆகும் செலவு மட்டும் லீவு கேட்கும் தொழிலாளி தலையில் விழுகிறது.

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளின் பேச்சைச் சிரித்து ஒதுக்காமல் ஒரு நாள் உட்கார்ந்து கேட்பது நல்லது. யார் பாடுகிறார்கள், எந்த நாட்டுக்காரர்கள், வருவதாகச் சொன்னது யார் என்று கேட்டால் பிள்ளையே விவரமாகச் சொல்லும். கேட்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளை 14 ஆயிரத்தைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாது.

முதலில் நோட்டீஸ் ஒட்டட்டும். லீவு பிறகு சொல்லிக்கொள்ளலாம்.