நிறுத்தும் முன் ஓர் அவகாசம்
நைனார்பாளையத்தில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துமுன் மின்வாரியம் அறிவித்துவிடுகிறது. மாவு மில்காரர் கையிலிருப்பதை அரைத்து முடித்துக்கொள்ளலாம். சர்வரில் பின்னணியில் ஓடும் மென்பொருளுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு உண்டு. லினக்ஸில் முதலில் ‘சிக்டெர்ம்’ சமிக்ஞை வரும். அதன்பின், நிரல்களை இயக்கி நிறுத்தும் கருவிகளில், நாம் மாற்றி அமைக்காதவரை சிஸ்டம்டி 90 வினாடி பொறுக்கும், குபெர்னெட்டிஸ் 30, டாக்கர் 10. பிறகு வருவது நிரலை உடனே நிறுத்திவிடும் ‘சிக்கில்’. அதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. அது வருமுன் கிடைக்கும் அந்தச் சில வினாடிகளில் புதிய வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும், கையிலுள்ளதை முடிக்க வேண்டும், முடியாததை வேலை வரிசைக்கே திருப்பித் தர வேண்டும். நம் நிரலாளர்கள் பலர் இதை எழுதுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எழுதினாலும், கன்டெய்னரை ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்கினால் சமிக்ஞை பல நேரம் நிரலை எட்டாது. அதைச் சோதித்தே பார்க்க வேண்டும். வேலை பாதியில் நின்று, பணம் கழிந்து ரசீது பதியாமல் போனால், அலையப்போவது கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி இ-சேவை மையத்துக்கு வந்தவர். திடீர் மின்வெட்டோ சமிக்ஞையே தராது. ஆகவே அதே வேலை மறுபடி ஓடினாலும் பணம் ஒருமுறைதான் கழியும்படி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் கொடுத்துப் பதிந்துவைப்பதும் இதே பொறுப்பில் அடக்கம்.