லீவு லிஸ்ட்டில் இல்லாத பொங்கல்

டிசம்பர் பிறந்தால் எங்கள் பிராஞ்சில் எல்லோரும் எதிர்பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று புது காலண்டர். இன்னொன்று அடுத்த வருஷத்து லீவு லிஸ்ட். லிஸ்ட் வந்ததும் தெலுங்கு நண்பர்கள் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படிப்பார்கள். நான் ஜனவரியை மட்டும் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

2025 லிஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வட்டார வங்கிகளுக்கு ஜனவரி 14 பொங்கல், 15 திருவள்ளுவர் தினம், 16 உழவர் திருநாள் என்று வரிசையாக மூன்று நாள். ஹைதராபாத்துக்கு 14 மட்டும், சங்கராந்தி என்ற பெயரில். பாலைப் பொங்கவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால், மறுநாள் காலை சீட்டில் இருக்க வேண்டும். மாட்டுப் பொங்கலாவது, பூப்பறிக்கும் நோன்பாவது!

வெளியூரில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் இந்தப் புலம்பல் கண்டிப்பாக உண்டு. அடியேனும் பல வருஷம் புலம்பியவன்தான். இப்போது என் கட்சி வேறு. சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் இந்த லிஸ்ட் எங்கிருந்து வருகிறது? 1881-ம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட், 25-வது பிரிவு. ஒரு பில்லின் கெடு பொது விடுமுறையன்று முடிந்தால் என்ன செய்வது? அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கெடு முடிந்ததாக வைத்துக்கொள், என்று சொல்லும் பிரிவு அது. 'பொது விடுமுறை' என்றால் என்ன என்று அங்கேயே ஒரு விளக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளும், அரசு அறிவிக்கும் மற்ற நாட்களும். அந்த மற்ற நாட்கள்தான் நம் லிஸ்ட். அதாவது இது கடன் பத்திரத்துக்காகப் பிறந்த லிஸ்ட். யார் வீட்டில் எப்போது பொங்கல் வைக்கிறார்கள் என்பது அதன் கவலையே இல்லை. பி.காம். படிக்கும்போதே இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். மண்டையில் ஏற இருபது வருஷம் ஆயிற்று.

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். 2012-ல் டிரான்ஸ்பரில் இங்கே வந்து, மௌலா அலி ஹெச்.பி. காலனியில் வீடு. ஊருக்குப் போக சபரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மறுநாள் காலை ஈரோடு. ஆனால் ஜனவரியில் அந்த வண்டி மகரவிளக்குக்குப் போகும் ஐயப்ப சாமிகளுக்கே போதாது. டிக்கெட் கிடைத்தால் லீவு இருக்காது, லீவு கிடைத்தால் டிக்கெட் இருக்காது.

2018 பொங்கலுக்குப் போகவில்லை. பிராஞ்சில் ஆடிட். கடைசி நேரத்தில் கேட்டேன், மேனேஜர் முடியாது என்றார். போனில் அப்பா, "பரவால்ல கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அந்த ஆடியிலேயே போய்விட்டார்.

ரொம்ப நாள் அந்த மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆற அமர யோசித்தால், தப்பு என் மேல். எங்களுக்கு வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு. ஜனவரி 1-ம் தேதி புதுக் கணக்கு ஆரம்பம். வந்த பதினைந்தாவது நாளே இரண்டைச் செலவழிக்க மனசு வராது. ஜுரம் வந்தால் வேண்டும், பிள்ளையின் ஸ்கூலில் கூப்பிட்டால் வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைப்பேன். டிசம்பரில் பார்த்தால் நாலைந்து நாள் மிச்சம் கிடக்கும். நவம்பரிலேயே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு ஊரில் இருந்திருப்பேன். லிஸ்ட்டில் இல்லை என்று புலம்பினேனே தவிர, லெட்டர் எழுதவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கேஷியர் அம்மா. பரம்பரையாக செகந்திராபாத்காரர். 2014-ல் தெலங்கானா பிறந்ததும் போனாலும் பதுகம்மாவும் மாநில விழாக்கள் ஆயின. போனாலு திங்கட்கிழமை அரசு ஆபீஸ்களுக்கு லீவு. வங்கிக்கு? 2025 லிஸ்ட்டில் அது கிடையாது! அந்த அம்மா ஜூன் மாதமே லெட்டரை மேனேஜர் மேஜையில் வைத்துவிடுவார். "லிஸ்ட் பாங்குக்கு சார், அம்மவாருக்கு இல்லை" என்பார். சொந்த மண்ணில், சொந்தப் பண்டிகைக்கு, சொந்த லீவு. அப்புறம் நான் என்னத்தைப் புலம்ப?

2025-ல் துணிந்து 15, 16 இரண்டு நாளுக்கும் நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஊருக்குப் போகவில்லை, அம்மாவை இங்கே கூட்டி வந்துவிட்டேன். கட்டுத்தறியில் இருந்த கடைசி மாட்டையும் அதற்கு முன்பே விற்றாயிற்று. "ஏஞ்சாமி, மாடே இல்லாத ஊட்ல நா மட்டும் உக்காந்து யாருக்குப் பொங்கல் வெக்கறது" என்று கிளம்பி வந்துவிட்டார்.

அந்த வருஷம் ஒரு வேடிக்கை. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் ஜனவரி 14-க்கு நேரே மகர சங்கராந்தி, பொங்கல், மாக் பிஹு, கூடவே ஹஸரத் அலி பிறந்தநாள் என்று எல்லாம் ஒரே வரியில்! எங்கள் பேட்டையே அவர் பெயரில் இருக்கிறது. 1578-ல் இப்ராஹிம் குதுப் ஷா அரண்மனையைச் சேர்ந்த யாகூத் என்பவர் கனவு கண்டு, இந்த மலையில் அலியின் கைத்தடம் பதிந்த கல்லைக் கண்டெடுத்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. ரஜப் மாதம் 17-ம் தேதி உர்ஸ். குதுப் ஷாஹி மன்னர்களும் பின்னால் நிஜாம்களும் வந்து கும்பிட்ட மலை. ஹைதராபாத் நகரம் உண்டானது 1591-ல். அதாவது ஊருக்கு முன்பே திருவிழா வந்துவிட்டது. எந்த லிஸ்ட்டைப் பார்த்து வந்தது?

மொட்டைமாடியில் நாங்கள் பொங்கல் வைத்தபோது எதிரே மலையில் உர்ஸ் கூட்டம். அம்மா மலையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

ஜூலையில் கேஷியர் அம்மா எங்களை செகந்திராபாத் உஜ்ஜயினி மகாங்காளி கோயிலுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கோயில் கதை நம்மைப் போன்ற டிரான்ஸ்பர் கேஸ்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். 1813-ல் இங்கே காலரா. ராணுவத்தில் டோலி தூக்கும் வேலையிலிருந்த சுரிடி அப்பய்யா அப்போது உஜ்ஜயினியில் இருந்தார். ஊரைக் காப்பாற்று என்று அங்கே மகாகாளியிடம் வேண்டிக்கொண்டு, திரும்பி வந்து 1815-ல் இங்கே அம்மனை வைத்தார். வெளியூருக்கு வேலைக்குப் போனவர் கொண்டுவந்த சாமிதான் இன்றைக்கு இந்த ஊரின் பெரிய திருவிழா.

போனம் என்பது பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கிய சோறு. பானைக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, மேலே விளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வருகிறார்கள். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, இது நம்ம சக்கரைப் பொங்கல்தான்" என்றாள். "மாரியம்மனுக்கு எந்தூரா இருந்தா என்ன சாமி" என்றார் அம்மா.

செப்டம்பரில் பதுகம்மா. மார்க்கெட்டில் மஞ்சள் மஞ்சளாகத் தங்கேடுப் பூ. தெலங்கானாவின் மாநிலப் பூ அதுதான். அம்மா கையில் எடுத்துப் பார்த்து, "இது ஆவாரம்பூ இல்ல?" என்றார். அதேதான். எங்கள் பக்கம் வேப்பிலை, பூளைப்பூவோடு காப்புக் கட்டுவோமே, அந்த ஆவாரம்பூ. பூப்பறிக்கும் நோன்புக்குப் பெண்பிள்ளைகள் பறித்து வந்து கும்மியடிப்பார்களே, அந்தப் பூ. இங்கே அதை அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டி, சுற்றி நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இதே தெருவில் நடந்தது. நான் லீவு கிடைத்தது என்று உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-ல் செப்டம்பர் 28 ஒரே நாளில் விநாயகர் கரைப்பும் மிலாது நபியும் வந்தன. முஸ்லிம் பெரியவர்கள் தங்கள் ஊர்வலத்தை அக்டோபர் 1-க்குத் தள்ளி வைத்தார்கள். 2024-லும் அடுத்தடுத்த நாள் வந்தபோது 19-ம் தேதிக்குத் தள்ளினார்கள். பண்டிகையை விட்டுக்கொடுக்கவில்லை. தேதியைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

நமக்கும் அது பாடம்தான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, தீபாவளிக்கு லீவு உண்டு. பொங்கலுக்குக் கிடையாது. அங்கே யாரும் பொங்கல் வைக்காமலா இருக்கிறார்கள்? அரசாங்கம் லீவு கொடுத்தால்தான் பண்டிகை என்றால், அது ஊர் மாறும்போதெல்லாம் காணாமல் போகும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிப்பதை என் மகள் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கு மொட்டைமாடியில் மாற்று கிடையாது. அப்பாவின் அடுத்த வருஷமும் திரும்பி வராது.

ஆகவே என் யோசனை இரண்டே இரண்டு. லிஸ்ட்டில் இல்லாத நம் நாளுக்கு நாமே முன்கூட்டி லெட்டர் எழுதுவோம். லிஸ்ட்டில் இருக்கிற இந்த ஊர் நாளுக்குத் தூங்காமல் தெருவில் இறங்குவோம்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி. அங்கே பெரியவர்கள் யாராவது, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றால் மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.